ஆறாந் திருவிழாவின் அரைப் பங்கு

எங்கள் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. அவற்றில் இன்றுவரை எவரும் உறங்கியதில்லை. சுவர்களுக்குப் பூச்சு இல்லை. குளியலறைக்கென்று இடம் விட்டிருக்கிறோம். குழாய் இன்னும் வரவில்லை. சன்னல்கள் வரவேண்டிய இடங்களைக் கறுப்புப் பொலித்தீன் கொண்டு மூடி வைத்திருக்கிறோம். அதைச் சற்று விலக்கினால் உள்துறைமுகம் முழுவதும் தெரியும். அந்தக் காட்சியை நம்பித்தான் நான் வங்கியிற் கடன் எடுத்தேன்.

வீடு ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் சரிவில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் கடற்கரை விடுதிகளையே நாடுகிறார்கள். நகரத்துக்குள், துறைமுகத்தைப் பார்த்தபடி, அமைதியான ஓர் அறை கிடைத்தால் வருவார்கள் என்பது என் கணிப்பு. அதைத் தாளில் எழுதி, கூட்டிக் கழித்து, வங்கி முகாமையாளரிடமும் காட்டினேன். வீட்டை ஈடு வைத்தேன். கூரை ஏறிய சமயம் நோய்த்தொற்று வந்தது. அது ஓய்ந்தபோது நாட்டிற் பணமில்லாமற் போயிற்று. சீமெந்தின் விலை ஏறியது. வட்டி வீதம் அதைவிட விரைவாக ஏறியது. பயணிகள் ஒருநாள் திரும்பி வந்தார்கள்தான். ஆனால் பூசாத சுவருக்கு நடுவில் அவர்களைப் படுக்க வைக்க முடியாது.

அரச திணைக்களமொன்றின் காணிப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றிப் பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன் நான். பிறருடைய கடன் விண்ணப்பங்களைச் சரிபார்த்து, குறை கண்டு, திருப்பி அனுப்பியவன். ஆகவே என் கணிப்புப் பிழைத்தது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில காலம் பிடித்தது. எங்கள் ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவளிடம் கேட்பதில்லை என்று நானும் மனைவியும் சேர்ந்து முடிவெடுத்தோம். அவளுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. "மேல்வீட்டு வேலை எப்பிடியப்பா?" என்று அவள் தொலைபேசியிற் கேட்டால், "நடக்குது" என்று சொல்வேன்.

வட்டி உயர்ந்திருப்பதாக வங்கியிலிருந்து இரண்டாவது அறிவித்தல் வந்த அன்று, மனைவி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் கந்தோர்க் கணக்குப் பாத்தது போதும். இனி வீட்டுக் கணக்கை என்னட்டத் தாங்கோ."

"உமக்கு வட்டி கணக்குப் பாக்கத் தெரியுமோ?"

"அதை வங்கிக்காரர் வடிவாப் பாப்பினம். மிச்சத்தில ரெண்டு பேர் எப்பிடிச் சாப்பிடுறது எண்டு பாக்கத்தான் ஆளில்லை."

இவ்வாறுதான் எங்கள் வீட்டுக்கு மூன்று பால்மா டின்கள் வந்தன. உண்மையில் அவை முன்பே இருந்தவை. மிளகாய்த்தூளும் மல்லியும் வைத்திருந்தார். அவற்றைக் கழுவி வெயிலிற் காயவைத்து, அலுமாரியின் நடுத்தட்டில் வரிசையாக வைத்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பெயர் எழுதி ஒட்டும் வேலை எனக்கு. முதல் டின்னில் "வங்கி", இரண்டாவதில் "வீடு", மூன்றாவதில் "கோயில்" என்று எழுதினேன். எவர் எந்த டின்னிலிருந்து எடுத்தாலும் மற்றவருக்குச் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும் என்றொரு விதியையும் நானே எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். எழுதாத விதியை நான் விதியாகக் கொள்வதில்லை.

ஓய்வூதியம் வரும் நாளில் நான் பணத்தை எடுத்துவந்து மேசையில் வைப்பேன். மனைவி அதைப் பிரிப்பார். பாதிக்கும் மேற்பட்ட தொகை முதல் டின்னுக்குப் போகும். ஐந்து நாள் கழித்து அதை நான் வங்கிக்கு எடுத்துச் சென்று கட்டுவேன். மூன்றாவது டின்னுக்குச் சிறு தொகை. எஞ்சியதில் அரிசி, மருந்து, மின்சாரம், தண்ணீர், எரிவாயு, செத்தவீடு, கலியாணவீடு எல்லாம் அடங்க வேண்டும்.

அடங்கச் செய்வது எப்படியென்று மனைவி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். மின்சாரம் அறுபது அலகைத் தாண்டினால் கட்டண வீதமே மாறிவிடும் என்பதால் தினமும் காலையில் மீற்றரைப் பார்த்து நாட்காட்டியில் எழுதினார். மாதக் கடைசியில் அலகு நெருங்கிவிட்டால் மின்னழுத்தியைத் தொட விடமாட்டார். நான் சுருக்கம் விழுந்த சட்டையுடன் வெளியே போக மறுப்பவன் என்பதால், அந்த நாட்களில் வீட்டிலேயே இருந்துவிடுவேன். எரிவாயுவை மிச்சம் பிடிக்கப் பின்வளவில் மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டினார். மீன் வாங்குவதைக் காலையிலிருந்து பதினொரு மணிக்கு மாற்றினார். அந்த நேரத்தில் விற்பவருக்கும் வீடு போகும் அவசரம். பாரை, அறக்குளா போன்ற விலைகூடிய மீன்கள் நின்றன. சூடை, கீரி என்ற மலிவான சிறுமீன்கள் வந்தன. பத்திரிகையை நிறுத்தினோம். நான் பொது நூலகத்துக்குப் போய் வாசித்தேன். இதை ஒரு குறையாக நான் கருதவில்லை. அங்கே எல்லாப் பத்திரிகைகளும் கிடைக்கும்.

ஆனால் ஒரு விடயத்தில் நான் தவறிழைத்தேன். நகரத்தில் எங்களுக்கு வழமையான பலசரக்குக் கடை ஒன்று உண்டு. அங்கே அரிசியை மூடையாகவும் பருப்பை ஐந்து கிலோவாகவும் எடுத்துப் பழகியவன் நான். அதே கடையில் வரிசையில் நின்று "கால் கிலோ பருப்பு" என்று கேட்க எனக்கு நா எழவில்லை. ஆகவே என்னை அறியாத இடத்தில் வாங்குவதென்று தீர்மானித்து, பஸ் ஏறி, பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். கால் கிலோ பருப்பு, நூறு கிராம் மிளகாய்த்தூள், அரைக் கிலோ சீனி. வாங்கிக்கொண்டு பஸ்ஸிலே திரும்பி, ஏற்றத்திற் பையோடு நடப்பதை எவரும் காணக்கூடாதென்று பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் வீட்டுக்கு வந்தேன். மூன்று மாதம் இது நடந்தது.

மூன்றாவது மாதம் அந்தக் கிண்ணியாக் கடைக்காரர் சாமானை நிறுத்துக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார்.

"சேர் காணிக் கந்தோர்ல இருந்த சேர்தானே?"

நான் தலையசைத்தேன்.

"எங்கட வாப்பாட காணிக் கடுதாசிய நீங்கதான் முடிச்சுத் தந்த. வாப்பா சாகும்வரைக்கும் உங்களச் சொல்லுவாரு. என்ன சேர், இவ்வளவு தூரம் வந்து கால் கிலோவா? ஒரு அஞ்சு கிலோ போடட்டா? காசு பிறகு தாங்க."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மாத முடிவில் மனைவி செலவுக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். போக்குவரத்துச் செலவு பருப்புச் செலவைவிடக் கூடுதலாக இருந்தது.

"கிண்ணியாவில பருப்பு மலிவோ?"

"விலை ஒண்டுதான்."

"பேந்து?"

நான் காரணத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார், கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். "நல்ல வேளை, துறைமுகம் பக்கத்திலதான் இருக்கு. அடுத்த முறை கால் கிலோவுக்குக் கப்பல்ல போயிட்டு வாங்கோ" என்றார். அடுத்த நாள் தானே பையை எடுத்துக்கொண்டு நகரக் கடைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி கால் கிலோ பருப்புக் கேட்டு வாங்கி வந்தார். கடைக்காரர் மறுபேச்சின்றி நிறுத்துக் கொடுத்தாராம். வரிசையில் எங்கள் தெருவைச் சேர்ந்த இன்னொருவரும் நூறு கிராம் தேயிலைக்கு நின்றாராம்.

இது சிறு தவறு. மற்றது சிறிதல்ல.

எங்கள் தெருவின் கோடியில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் ஆண்டுதோறும் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கு உரியது. அன்றைய பூசை, மாலை, மேளம், அன்னதானம் அனைத்தும் அந்தக் குடும்பத்தின் செலவு. அதை உபயம் என்கிறோம். ஆறாந் திருவிழா என் தகப்பனார் ஏற்ற உபயம். அவருக்குப் பின் என்னிடம் வந்தது. சண்டைக் காலத்திலும், பேரலை அடித்த மறு ஆண்டிலும் நாங்கள் அதை விட்டதில்லை. திருவிழாவுக்கு முன் அச்சிட்டு ஒட்டப்படும் விஞ்ஞாபனத்தில், ஆறாம் நாளுக்கு நேரே எங்கள் குடும்பத்தின் பெயர் தனியாக நிற்கும். மூன்றாவது டின் அந்த ஒரு வரிக்காகவே வைக்கப்பட்டது.

திருவிழாவுக்கு மூன்று மாதம் இருக்கையில், வங்கி டின்னின் பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் வீட்டைவிட்டு இறங்கிய நாளில், மேளக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், ஆறாந் திருவிழா வழமை போலத்தானே? அண்டைக்கு இன்னொரு கோயிலிலயும் கேக்கினம். நீங்கள் முற்பணம் தந்தால் உங்களுக்கே எழுதிவிடுவன்."

"வழமை போலத்தான்" என்றேன். சந்தியில் வைத்து முற்பணத்தைக் கொடுத்தேன். வங்கிக்குப் போய் எஞ்சியதைக் கட்டினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. கோயில் டின்னிலிருந்து எடுத்துச் சரிப்படுத்தலாம் என்ற எண்ணம் வரத்தான் செய்தது. ஆனால் அந்த டின்னில் இருந்தது உபயச் செலவின் பாதிக்கே போதுமானது. அதைத் தொட்டால் அன்னதானத்துக்கு என்ன செய்வது? அடுத்த மாதம் எப்படியாவது நிரப்பலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் கிணற்று மோட்டர் எரிந்துபோனது. மோட்டருக்கு வங்கி டின்னிலிருந்து எடுப்பதென்று இருவரும் பேசியே எடுத்தோம். முந்திய மாதமும் குறைந்திருந்ததை நான் அப்போதும் சொல்லவில்லை.

பதிவுத் தபால் வந்த காலையில் நான் நூலகத்தில் இருந்தேன். மனைவி கையொப்பமிட்டு வாங்கி, உடைத்து வாசித்துவிட்டு, வங்கி என்று எழுதிய டின்னுக்குக் கீழே அதை வைத்திருந்தார். நிலுவையைக் குறித்த திகதிக்குள் முழுமையாகச் செலுத்தாவிடில், ஈடு வைத்த ஆதனத்தை ஏலத்தில் விடுவதற்கான நடவடிக்கை தொடங்கும் என்றும், அறிவித்தல் பத்திரிகைகளில் வெளியாகும் என்றும் எழுதியிருந்தது. அவ்வகை அறிவித்தல்களை நான் நன்கறிவேன். கடன்பட்டவரின் முழுப்பெயர், விலாசம், காணியின் நான்கு எல்லைகள், கட்டடத்தின் விபரம் எல்லாம் இருக்கும். நூலகத்தில் அவற்றைத் தவறாமல் வாசித்து, இன்னாருக்கு இப்படியா என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

"மோட்டருக்கு எடுத்தது எனக்குத் தெரியும்" என்றார் மனைவி. "மற்ற மாசத்தில குறைஞ்சது எங்க?"

"மேளத்துக்கு."

"என்ன மேளம்?"

"ஆறாந் திருவிழாவுக்கு. முற்பணம் கேட்டவர்."

அவர் எழுந்து அலுமாரிக் கதவைத் திறந்து, நான் எழுதி ஒட்டியிருந்த விதியைக் காட்டினார். பின்னர் வந்து மேசையருகே இருந்தார்.

"அப்ப உங்கட பேர் இந்த முறை ரெண்டு இடத்தில அச்சில வரும். விஞ்ஞாபனத்தில உபயகாரர் எண்டு வரும். பேப்பரில கடன்காரர் எண்டு வரும். சனம் ரெண்டையும் ஒரு கிழமைக்குள்ள வாசிக்கும். அதைத்தான் உங்கட அப்பா விட்டிட்டுப் போனவரோ?"

கோபத்தோடு அவர் அதைச் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து, கொப்பியின் கடைசிப் பக்கத்திற் கணக்கும் போட்டார். உபயத்தை முழுமையாகச் செய்வதானால் கோயில் டின்னோடு வங்கி டின்னையும் கவிழ்க்க வேண்டும். வீடு ஏலத்துக்குப் போகும். உபயத்தை முற்றாக விட்டால் முற்பணம் வீண், பெயரும் போகும். எவரேனும் ஒருவரோடு பாதியாகச் செய்தால், கொடுத்த முற்பணத்தோடு இன்னுஞ் சிறிது சேர்த்தால் எங்கள் பாதி முடிந்துவிடும். கோயில் டின்னில் எஞ்சுவதைக் கொண்டு நிலுவையைத் தீர்க்கலாம். கணக்குச் சரியாகவே இருந்தது. நான் இரண்டு முறை பார்த்தேன்.

"அரை உபயம் எங்கட கோயிலில இல்லை" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"நிர்வாகசபை முடிவு. குறிப்புப் புத்தகத்தில இருக்கு."

"எழுதினது ஆர்?"

எழுதியவன் நான். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் கோயிலின் செயலாளராக இருந்தேன். எங்கள் சரிவின் அடியில், குறுகலான ஒழுங்கையில் குடியிருப்பவர் ஒருவர் அப்போது சபைக்கு ஒரு கடிதம் தந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். ஏதேனும் ஒரு நாளில் பாதி உபயம் தமக்குத் தரும்படி கேட்டிருந்தார். அரை உபயம் ஏற்கும் வழக்கம் இக்கோயிலில் இல்லை, முழு நாளை ஏற்க வசதியுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று நான் முடிவெழுதினேன். சபையில் மறுத்துப் பேச ஆளில்லை. வழக்கத்தைக் காப்பதே என் நோக்கம் என்று அப்போது சொன்னேன். விஞ்ஞாபனத்தின் ஒரு வரியில் இரண்டு பெயர் வரத் தொடங்கினால், நாளை என் வரியிலும் இன்னொரு பெயர் வரலாம் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. இதை இப்போதுதான் எழுதுகிறேன்.

பத்து நாட்களின் உபயகாரர்களில் எவரும் இன்னொருவருடைய நாளிற் பாதியை ஏற்கப் போவதில்லை. வெளியே கேட்பதென்றால், கேட்டிருந்தவர் அந்த ஒருவர்தான். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாட் காலை, அழுத்திய சட்டை அணிந்து ஒழுங்கைக்கு இறங்கினேன்.

அவர் முற்றத்தில் இரண்டு கதிரைகளுக்குப் பச்சை நிறம் பூசிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ சேர், வாங்கோ. இருங்கோ எண்டு சொல்ல ஏலாமக் கிடக்கு. இருக்கிறது ரெண்டு கதிரை, ரெண்டும் காயேல்ல."

"பரவாயில்லை. நிண்டே கதைக்கிறன்."

"நீங்கள் நிண்டு கதைச்சால் எனக்குப் பயம் சேர். முந்தியும் எழும்பி நிண்டுதான் எனக்கு இல்லை எண்டு வாசிச்சனீங்கள்."

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி, "வந்த மனிசனைத் தேத்தண்ணி குடிக்க விடுங்கோப்பா. உங்கட வாயும் உந்தத் தூரிகையும் ஒரு நேரம் சும்மா கிடவாது" என்றார். அவர் சிரித்தபடி தூரிகையைத் தகரத்தில் வைத்தார். நான் சுற்றி வளைக்காமற் சொன்னேன்.

"ஆறாந் திருவிழாவை இந்த முறை நீங்களும் நானுமாச் சேர்ந்து செய்யலாமோ எண்டு கேக்க வந்தனான்."

"அரைவாசியோ?"

"ஓம்."

"அரைவாசி எங்கட கோயிலில இல்லையே சேர்."

"அந்த முடிவை மாத்தலாம். ரெண்டு பேருமாச் சபைக்கு ஒரு கடிதம் குடுப்பம்."

அவர் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார். "காசு பிரச்சினையில்லை. பிள்ளையாருக்கு வச்ச காசு அண்டு தொடக்கம் புறம்பாத்தான் கிடக்கு. ஆனால் கடிதத்தில நான் கையெழுத்து வைக்கமாட்டன். நான் ஒருக்காக் கேட்டிட்டன். இப்ப கேக்கிறது நீங்கள். உங்கட கையால எழுதுங்கோ. ஏன் கேக்கிறியள் எண்டும் எழுதுங்கோ."

"காரணம் எழுத வேணுமோ?"

"நான் எழுதினனான் சேர். பெட்டைக்குச் சுகமானால் செய்யிறன் எண்டு நேர்த்தி வச்சனான், முழு நாளுக்கு என்னட்ட வசதியில்லை எண்டு. அதை நீங்கள் கூட்டத்தில சத்தமா வாசிச்சனீங்கள். என்ர மகளும் பின்னுக்கு நிண்டவள்."

கடிதத்தை நான் நினைவில் வைத்திருந்தேன். உரத்து வாசித்ததை மறந்திருந்தேன். கடிதங்களைக் கூட்டத்தில் வாசிப்பது செயலாளரின் கடமை. ஆனால் சுருக்கத்தை மட்டும் சொல்வதும் நடைமுறையில் இருந்தது. அன்று நான் முழுவதையும் வாசித்திருக்கிறேன். தேநீரைக் குடித்து முடித்து, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறி வந்தேன்.

முதலில் எழுதியதை மனைவியிடம் காட்டினேன். "தவிர்க்கமுடியாத குடும்பக் காரணங்களினால் இவ்வாண்டு ஆறாந் திருவிழா உபயத்தைத் தனித்து நடாத்தும் வாய்ப்பு அற்றவனாக உள்ளேன்" என்று தொடங்கியிருந்தது.

"இதென்ன, செத்தவீட்டுக்கு லீவு கேக்கிற கடிதமோ?" என்றார். "அந்த மனிசன் தனக்குக் காசில்லை எண்டு எழுதினதாம். உங்களுக்கு மட்டும் வாய்ப்பில்லையோ?"

இரண்டாவது கடிதத்தில் "பொருளாதார நெருக்கடி" என்று எழுதினேன். அது நாட்டின் நெருக்கடியா வீட்டின் நெருக்கடியா என்று கேட்டார். மூன்றாவது கடிதம் நான்கு வரிதான். வீட்டு மேல்மாடிக்கு எடுத்த வங்கிக் கடனைக் கட்டிவருகிறேன். தவணை நிலுவையில் இருக்கிறது. முழு உபயத்துக்கு என்னிடம் வசதியில்லை. ஒழுங்கையில் இருப்பவர் என் கோரிக்கைக்கு இணங்கியிருக்கிறார், பாதியை அவருக்கு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மனைவி வாசித்துவிட்டு, "கையெழுத்து வையுங்கோ" என்றார்.

சபை ஞாயிறு பின்னேரம் கூடியது. இப்போதைய செயலாளர் இளையவர். என் மேல் மரியாதை உள்ளவர். கடிதத்தை எடுத்ததும் ஒரு கணம் என்னைப் பார்த்து, "சுருக்கமாச் சொல்லட்டோ சேர்?" என்று மெதுவாகக் கேட்டார். பின்வரிசையில் இழுவைப் படகுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"முழுக்க வாசியுங்கோ" என்றேன்.

வாசித்தார். நான்கு வரி வாசிக்க அதிக நேரம் செல்லவில்லை; எனக்குத்தான் அது நீண்டதாகத் தோன்றியது. ஒருவர், "மேல்வீடு கட்டினவருக்கே வசதியில்லையெண்டால் எங்கட பாடு என்ன?" என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். இரண்டொருவர் சிரித்தார்கள். நான் எழுந்து, "மேல்வீடு கட்டினபடியால்தான் வசதியில்லை" என்றேன். அதற்கும் சிரித்தார்கள், ஆனால் அது வேறு விதமான சிரிப்பு. தலைவர் பழைய முடிவை எடுத்து வாசிக்கும்படி சொன்னார். என் கையெழுத்தில் எழுதிய என் வசனம் வாசிக்கப்பட்டது. அதை நீக்கி, விரும்பினால் ஒரு நாளை இருவர் பகிரலாம் என்று புதிதாக எழுதினார்கள்.

அடுத்த நாள் வங்கி திறந்த நேரத்தில் நாங்கள் இருவரும் போனோம். மனைவி இம்முறை என்னைத் தனியே அனுப்பவில்லை. நிலுவையை முழுமையாகக் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கினோம். தவணைகள் இன்னும் நாற்பத்தொன்று இருக்கின்றன. ஆனால் அந்த அறிவித்தல் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. விஞ்ஞாபனம் வந்தது. ஆறாம் நாளுக்கு நேரே இரண்டு பெயர்கள் நின்றன. பழைய உபயகாரர் என்பதால் என் பெயரை முதலிற் போட்டிருந்தார்கள். அவரிடம் அதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தபோது, "அதை விடுங்கோ சேர். அன்னதானத்துக்குப் பூசணிக்காய் எத்தனை கிலோ எண்டு சொல்லுங்கோ" என்றார்.

ஆறாந் திருவிழா வழமை போல நடந்தது. மேளம் நன்றாக இருந்தது. என்னைப் பார்த்து ஏதோ கதைத்தவர்களும் இருந்திருப்பார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பூசை முடிந்ததும் குருக்கள் உபயகாரருக்குரிய தட்டை எடுத்தார். வெற்றிலை, வாழைப்பழம், உடைத்த தேங்காயின் இரண்டு பாதிகள். ஒரு நாளுக்கு ஒரு தட்டுத்தான் வழக்கம். இரண்டு பேர் முன்னால் நிற்பதைக் கண்டு அவர் தயங்கினார். எழுதிய விதியில் இதைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. மனைவி முன்னால் வந்து, தட்டிலிருந்த தேங்காயில் ஒரு பாதியையும் இரண்டு பழத்தையும் எடுத்துத் தன் சேலைத் தலைப்பில் வாங்கிக்கொண்டு, "மிச்சம் அவைக்கு, ஐயா" என்றார். தட்டோடு எஞ்சியதை இழுவைப் படகுக்காரரின் மகள் கைநீட்டி வாங்கினாள். அவளுக்கு இப்போது திருமணமாகிவிட்டது.

மறுநாட் காலை மனைவி அந்தப் பாதித் தேங்காயைத் துருவிச் சம்பல் இடித்தார். பாணோடு சாப்பிட்டோம். பின்னர் அவர் கொப்பியை எடுத்து, அந்தக் கிழமைக்கான சாமான் பட்டியலில் தேங்காய் மூன்று என்றிருந்ததை இரண்டரை என்று திருத்தினார். அரைத் தேங்காய் எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்டேன்.

"கேட்டுப் பாக்கிறன். நீங்கள் கிண்ணியாவுக்குப் போகாட்டிச் சரி" என்றார்.